கொதிக்க வைத்த நொதி

தையல்நாயகி இருபத்தைந்து வருடங்களாக ஒவ்வொரு வேலையையும் இரண்டு முறை செய்துவருகிறாள். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஒரு தனியார் கல்லூரியில், நுண்ணுயிரியல் துறையின் ஆய்வக உதவியாளர் அவள். எந்தச் சோதனைக்கும் குடுவை இரண்டு வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒன்றில் நொதி. மற்றதில் அதே நொதி, கொதிக்க வைத்துச் சாகடித்தது; ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் இதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். நொதிக்கு உயிர் கிடையாது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆய்வகத்தில் எல்லோரும் அது செத்தது, பிழைத்தது என்றுதான் பேசுவார்கள். நல்ல நொதி வேலை செய்து, செத்த நொதி சும்மா கிடந்தால், நடந்த மாற்றம் நொதியால் நடந்தது என்று நம்பலாம். செத்ததும் வேலை செய்தால், எங்கோ யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று பொருள்.

"கொதிக்க வச்சது பக்கத்துல இல்லாம, பிஷப்பே வந்து சொன்னாலும் நம்பக் கூடாது" என்பார் துறைத்தலைவர் ஜெபராஜ். திங்கள் முதல் சனி வரை இதைச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை.

தையல்நாயகி இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுபோனாள். தாம்பரம் ரயில் நிலையத்துக்கும் கேம்ப் ரோட்டுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் சம்பத்துக்கு முழங்கால் வலி வந்து, யாரோ கொடுத்த மூலிகைத் தைலத்தை வாங்கிவந்தபோது, "ஒரு முட்டிக்கு மட்டும் தேய். இன்னொண்ணு சும்மா இருக்கட்டும்" என்றாள். மூன்று வாரத்தில் இரண்டு முட்டியும் ஒரே அளவு வலித்தன. தைலம் தெருவில் இன்னொருவருக்குப் போயிற்று. அவர் இரண்டு முட்டிக்கும் தேய்த்துக்கொண்டு, நன்றாகக் கேட்கிறது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

துறைக்குப் பேர் வாங்கிக்கொடுத்த நுண்ணுயிரியும் அவள் கொண்டுவந்ததுதான். எட்டு வருடங்களுக்கு முன், ஆராய்ச்சி மாணவர்கள் மலைக்காடு, வெந்நீர் ஊற்று, உப்பளம் என்று திட்டப் பணத்தில் ஊர் சுற்றி மண் எடுத்துவந்தார்கள். ஒன்றும் தேறவில்லை. மாணவர்கள் மட்டும் நிறம் மாறித் திரும்பினார்கள். தையல்நாயகி, பீர்க்கன்கரணையில் தன் வீட்டுக்குப் பின்னால் ஏரியை நோக்கிப் போகும் வாய்க்காலில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கறுப்புச் சேறு எடுத்துவந்தாள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஆய்வகத்தைத் திறந்து தட்டைப் பார்த்தபோது, ஒரு நுண்ணுயிர்ப் பொட்டைச் சுற்றி செங்கல் நிறத்தில் வளையம் விழுந்திருந்தது. அதைப் பார்த்த முதல் கண்கள் அவளுடையவை. அந்த நுண்ணுயிரிக்கு ஜெபராஜின் முதலெழுத்துகளைச் சூட்டினார்கள். கட்டுரையின் கடைசியில் "ஆய்வக வசதிகளுக்கு நன்றி" என்று ஒரு வரி இருந்தது. அந்த வசதி தான்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்த நுண்ணுயிரி சுரக்கும் நொதிக்கு லாக்கேஸ் என்று பெயர். செம்பைத் தன்னுள் வைத்துக்கொண்டு, காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் துணைக்கு அழைத்து, எதிரே வரும் சாயம், மரக்கூழ், பழுப்பு எல்லாவற்றிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிடுங்கி உடைக்கும். பிடுங்கியதைக் கொண்டு ஆக்சிஜனைத் தண்ணீராக்கும். பூஞ்சைகளிடமும் இது உண்டு. ஆனால் பாக்டீரியாவின் சரக்கு கெட்டி. எண்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தாலும் அசராது. ஜெபராஜ் கருத்தரங்குகளில் இதன் பயன்களைச் சொல்லத் தொடங்கினால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். காகிதம் வெளுக்க, பழரசம் தெளிய, மருந்துக் கழிவை உடைக்க, சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய. அந்தப் பட்டியலில் இன்னும் ஏறாத ஒரே இடம் கல்லூரியின் கழிப்பறை.

பட்டியலில் ஜீன்ஸும் உண்டு. புது ஜீன்ஸைப் பழசுபோல் ஆக்குவதற்கு உலகம் முழுவதும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பழைய துணி உடுத்தியவர்களின் பிள்ளைகள் புதுத்துணி வாங்கும் நிலைக்கு வந்ததும், புதுத்துணி உடுத்தியவர்களின் பிள்ளைகளுக்குப் பழைய துணிமேல் ஆசை வந்துவிட்டது. நீலத்தை ஏற்றுவதற்கு ஒரு ஆலை, இறக்குவதற்கு இன்னொரு ஆலை. இறக்கும் வேலையைச் சில இடங்களில் லாக்கேஸ் செய்கிறது. சில இடங்களில் வீட்டுக் கழிப்பறை கழுவும் அதே பிளீச், ஹைப்போ, செய்கிறது. இறங்கிய நீலம் எங்கே போகும் என்று ஜீன்ஸ் போடுகிறவர்கள் கேட்பதில்லை. தையல்நாயகி வீட்டுக்குப் பின்னால் போயிற்று.

ஐந்து வருடங்களுக்கு முன் வாய்க்காலின் மேற்கரையில் நீலவேணி வாஷிங் என்ற ஜீன்ஸ் சலவைப் பட்டறை வந்தது. அதற்கு முன்பே வாய்க்கால் வீட்டுச் சாக்கடையால் கறுப்பாகத்தான் இருந்தது. கறுப்புக்கு யாரும் புகார் கொடுக்கவில்லை. சாக்கடை கறுப்பாக இருப்பது இயற்கை என்று மக்கள் நம்பினார்கள். நீலமானதும் எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள். போன மழைக்குப் பிறகு தையல்நாயகியின் உறைகிணற்றிலும் நீலம் எட்டிப்பார்த்தது. வாளியில் மொண்டால், கலங்கிய மேகம்போல் ஒரு சாயை. அவள் அதை ஒரு பாட்டிலில் பிடித்து, குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் சத்யநாராயணனிடம் கொண்டுபோய் வைத்தாள். வங்கியில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, நீயா எதுவும் கலக்கலையே?"

"சார், வேணும்னா நீங்களே வந்து மொண்டுக்கங்க."

வந்து மொண்டார். புகார் போயிற்று. அதிகாரிகள் வந்து பார்த்து, நீலவேணிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நோட்டீஸில் தண்ணீரைப் பற்றி இருந்த குற்றம் ஒன்றே ஒன்று: நிறம்.

நீலவேணியின் மேலாளர் சிட்டிபாபு கெட்டிக்காரர். நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு வக்கீலிடம் போகவில்லை, ஜெபராஜிடம் வந்தார். "இன்னா சார், ஊரே கலர் கலர்னு பேஜார் பண்ணுது. கலர எடுக்கற மருந்து உங்க கையிலயே கீதாமே!"

ஜெபராஜின் நொதி அதுவரை குடுவையைத் தாண்டியதில்லை. ஏரிக்கரையில் ஒரு செயல்விளக்கம் என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. ஏற்பாடு சுலபமாக முடிந்தது. கண்ணாடித் தொட்டியில் வாய்க்கால் தண்ணீரை நிரப்பி, மேடைக்கு முன்னால் வைத்து நொதியை ஊற்றுவது. நீலம் மறைந்ததும், நீலவேணி தன் கழிவுநீரில் இனி நொதி சேர்க்கும் என்று அறிவிப்பது. அதே மேடையில் சங்கம் புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தில் சத்யநாராயணன் கையெழுத்திட்டுக் கொடுப்பது. ஒருவருக்கு ஆராய்ச்சிப் பெருமை, ஒருவருக்குப் பசுமை விருது, ஒருவருக்கு நிம்மதி. எல்லோருக்கும் நல்லது நடக்கும் ஏற்பாடுகளில் வழக்கமாக யாரோ ஒருவர் விடுபட்டிருப்பார்.

விழாவுக்கு ஐந்து நாள் முன்பு, நொதி தயாரித்துக்கொண்டிருந்த தையல்நாயகி கேட்டாள். "சார், கலர் போயிடும். மத்ததெல்லாம்?"

"மத்ததுன்னா?"

"உப்பு, காஸ்டிக், சோப்பு. அப்புறம் அந்தச் சாயத்தையே நாம ரெண்டா உடைக்கிறோம். உடைஞ்ச துண்டு தண்ணியிலதான சார் இருக்கும்?"

"அது ப்ராஜெக்டோட அடுத்த ஃபேஸ்மா."

"அந்த ஃபேஸ் வர்ற வரைக்கும் என் கிணத்துல?"

"உன் கிணத்துல கலர் இருக்காதே!" ஜெபராஜ் நல்ல செய்தி சொல்கிறவராகச் சிரித்தார்.

"அதான் சார் பயமே. நீலமா இருக்கப்போயிதான் குடிக்காம இருக்கோம். புகாரும் நிக்குது."

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் இல்லாதபோது அவர் துடைப்பது வழக்கம்.

"சரி சார், தொட்டி ரெண்டா வைங்க. ஒண்ணுல கொதிக்க வச்சத ஊத்தலாம். ரெண்டாவதுல நீலம் நின்னா, மறுபடி இதப் பத்திப் பேசறதுக்காவது ஒரு இடம் இருக்கும்."

"தையல், இது விழாம்மா. விழாவுல போய் கண்ட்ரோல் வைப்பாங்களா? பாக்கறவங்க குழம்பிடுவாங்க. ஒரே தொட்டி."

ஒரே தொட்டி. அவளுக்கு அது உறுத்தியது. இரண்டு வைத்தால் ஒன்று கொதித்ததாக இருக்கும். ஒன்றே வைப்பதானால் அது எதுவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விழாவுக்கு முந்தின நாள் மதியம், ஐந்து லிட்டர் நொதியைக் குடுவைகளில் பிரித்து, ஆய்வகத்தின் பெரிய பிரஷர் குக்கரான ஆட்டோகிளேவுக்குள் அடுக்கினாள். எண்பது டிகிரிக்கு அசராத சரக்கு என்று அவளுக்குத் தெரியும். அந்த எண்பதை மூன்று வருடம் அளந்தவளே அவள். அதனால் நூற்று இருபத்தொன்றில் இருபது நிமிடம் அழுத்தத்தில் வைத்தாள். வெந்து திரிந்து வந்ததைத் துணியில் வடிகட்டினாள். நல்ல நொதியும் செத்த நொதியும் பார்க்க ஒரே கஷாய நிறம்தான். மாட்டினால் வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் பத்து வருடம் இருந்தது. ஆனாலும் ஆட்டோகிளேவ் பதிவேட்டை வெற்றாக விட அவளால் முடியவில்லை. "நொதி, 5 லிட்டர், 121 டிகிரி, 20 நிமிடம். காரணம்: கண்ட்ரோல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பதிவேட்டை அவளைத் தவிர யாரும் திறந்ததில்லை.

அவள் எதிர்பார்த்தது எளிமையானது. தொட்டி நீலமாகவே நிற்கும். கடிதம் கையெழுத்தாகாது. விசாரணை நடக்கும்.

சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். சிறுசேரியின் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றின் சமூகப் பொறுப்புப் பிரிவுத் தலைவி சிறப்பு விருந்தினர். பச்சை டீ-ஷர்ட் அணிந்த இருபது தன்னார்வலர்கள் அவருடன் வந்தார்கள். இருபது பேரும் வெளுத்த ஜீன்ஸ் போட்டிருந்தார்கள். சிட்டிபாபு அவற்றைத் தொழில்முறைக் கண்ணோடு பார்த்து, "நல்ல ஃபினிஷிங்" என்றார். பொன்னாடைக்குப் பதிலாகப் பருத்தித் துண்டு போர்த்தினார்கள்; சுற்றுச்சூழல் விழா என்பதால் பச்சை. பத்து மணிக்குத் தலைவி நொதியை ஊற்றினார். கைதட்டினார்கள். நொதி வேலை செய்ய இரண்டு மணி நேரம் ஆகும் என்று ஜெபராஜ் முன்பே எச்சரித்திருந்தார். பேச்சாளர்கள் அது போதாது என்று சொல்லியிருந்தார்கள்.

பதினொரு மணிக்குத் தொட்டி நீலம். பதினொன்றரைக்கும் நீலம். ஜெபராஜ் மேடையிலிருந்து இறங்கிவந்து தொட்டியை மூன்று பக்கமும் பார்த்தார். "ஆக்சிஜன் பத்தலையோ" என்று மீன்தொட்டிக் கடையிலிருந்து காற்றுக்குழாய் கொண்டுவரச் செய்தார். நீலம் இப்போது குமிழிகளோடு நின்றது. தையல்நாயகி தூரத்தில், தண்ணீர் கேன்கள் பக்கத்தில் நின்றாள். அவருக்காகப் பரிதாபப்பட்டாள், தனக்காகப் பயப்பட்டாள்.

சிட்டிபாபு எழுந்தார். "சார், தொட்டிமேல ஏறு வெயில் அடிக்குது. மருந்து சூடாயிடும். டீ குடிச்சினு வர்ற வரைக்கும் பேனரப் போட்டு மூடிடலாம். நீங்க போங்க சார், நா பாத்துக்கறேன்."

எல்லோரும் டீக்கும் மெதுவடைக்கும் போனார்கள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவந்து பேனரை விலக்கியபோது, தொட்டிக்குப் பின்னால் நின்றவர்களின் வெளுத்த ஜீன்ஸ் இந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. கரை முழுக்கக் கைதட்டல். ஒருவர் விசிலே அடித்தார்.

கைதட்டாத ஒரே ஆள் தையல்நாயகி. செத்தது வேலை செய்திருக்கிறது. தொட்டியை நெருங்கினாள். ஆஸ்பத்திரி வராந்தாவைத் துடைத்ததும் வருமே, அந்த வாசனை மூக்கில் அடித்தது. ஹைப்போ. நீலவேணியின் பின்கட்டில் பீப்பாய் பீப்பாயாக நிற்கும் சரக்கு.

அவளுக்கு இப்போது ஒரு விசித்திரமான சிக்கல். இது மோசடி என்று அந்தக் கரையில் நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: செய்த சிட்டிபாபு, நொதியைக் கொன்ற அவள். அவர் திருட்டைச் சொல்ல வேண்டுமானால் தன் திருட்டை முதலில் சொல்ல வேண்டும். மேடையில் கடிதத்தை மேசைமேல் விரித்துவிட்டார்கள். சத்யநாராயணன் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார்" என்று ஜெபராஜின் கையைத் தொட்டாள். இருபத்தைந்து வருடத்தில் அவரைத் தொட்டதில்லை. "சார், அது கொதிக்க வச்சது."

"எது?"

"தொட்டியில ஊத்துனது. நேத்து நாந்தான் ஆட்டோகிளேவ்ல போட்டேன். நூத்தி இருபத்தொண்ணு, இருபது நிமிஷம்."

ஜெபராஜ் அவளை வெறித்தார். அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"நூத்தி இருபத்தொண்ணுல இருபது நிமிஷம் வச்சும் வேலை செஞ்சிருக்கா? தையல், உலகத்துலயே எங்கயும் கிடையாதும்மா! இது பெரிய பேப்பர்!"

அறிவு ஒருவரை விட்டுப் போவதை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. "சார், மொதல்ல மோந்து பாருங்க."

"கொரோனாவுக்கு அப்புறம் எனக்கு ஏதும்மா வாசனை?"

மேடையில் சத்யநாராயணன் கடிதத்தைக் கடைசி முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். வங்கிக்காரர் என்பதால் கமாவையும் படிப்பார். அந்த வகையில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. தையல்நாயகி ஜெபராஜின் தோளிலிருந்து தொங்கிய பச்சைத் துண்டின் ஒரு முனையைப் பிடித்து, தொட்டிக்குள் முக்கினாள்.

"என்னம்மா பண்ற?"

"ரெண்டு நிமிஷம் நில்லுங்க சார். நொதின்னா உங்க துண்ட இவ்ளோ வேகமா ஒண்ணும் பண்ணாது."

துறைத்தலைவர் ஒரு துண்டால் தொட்டியோடு கட்டிவைக்கப்பட்டவராக நின்றார். பச்சை முதலில் மஞ்சளாயிற்று. பிறகு அழுக்கு வெள்ளை. அவர் அந்த முனையை எடுத்துப் பார்த்தார். நனையாத இன்னொரு முனையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழக்கம் அவரைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும், துணிச்சல் அல்ல. இரண்டு முனைகளை அருகருகே பார்த்ததும், இரண்டு மணி நேரமாக விழாத்தலைவராக இருந்தவர் மறுபடி ஆய்வகக்காரராகிவிட்டார். வெளுத்த முனையை உள்ளே மடித்துக்கொண்டு மேடை ஏறினார்.

மைக்கில் அவர் மோசடி என்று சொல்லவில்லை. சிட்டிபாபுவின் பெயரையும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம். இந்தச் சோதனைக்கு நாங்க கண்ட்ரோல் வைக்கலை. கண்ட்ரோல் இல்லாத ரிசல்ட்டுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. இத மறுபடி செய்யணும்."

யாருக்கும் புரியவில்லை. சிட்டிபாபு மட்டும் எழுந்தார். "இன்னா சார் இது? இத்தினி பேரு கண்ணால பாத்தோமே, அது பொய்யா?"

"கண்ணால மட்டும் பாத்தோம் சார். அதான் பிரச்சனையே."

சத்யநாராயணன் பேனாவை நிறுத்தி யோசித்தார். "அதாவது, பண்ணினவர் இருக்கார், சரிபார்த்தவர் இல்லை. ரெண்டாவது கையெழுத்து இல்லாத வவுச்சர்."

"கிட்டத்தட்ட."

"அப்படின்னா பாஸ் பண்ண முடியாதே" என்று பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். நீர், நிலம், நோய் என்று அதுவரை ஒன்பது பேர் பேசியதில் எதற்கும் அசையாதவர், ஒரு நடைமுறைக் குறைக்கு அசைந்தார். உண்மை சில சமயம் இப்படிப் பின்வாசல் வழியாகத்தான் வந்து சேர்கிறது, வந்தவரை லாபம்.

சிட்டிபாபு போகும்போது தையல்நாயகியிடம் நின்றார். "இன்னாக்கா, உனக்கு இன்னா பிரச்சனை? கலர் போச்சா இல்லியா?"

"போச்சுண்ணா. அத எங்க வூட்டுக் கிணத்துல வந்து குடிச்சிக் காட்டு."

அவர் குடிக்க வரவில்லை.

மறுநாள் பத்திரிகையில் தெளிந்த தொட்டியின் படம் வந்தது, ஏரிக்கு விடிவு பிறந்ததாக. திங்கட்கிழமை தையல்நாயகிக்குக் கல்லூரி நிர்வாகத்திடமிருந்து மெமோ வந்தது: துறைத்தலைவரின் அனுமதியின்றி ஐந்து லிட்டர் நொதியை வீணாக்கியது ஏன்? ஆட்டோகிளேவ் பதிவேட்டின் பக்கத்தை நகலெடுத்து இணைத்து, "விதிப்படி" என்று ஒரே சொல்லில் பதில் எழுதினாள். அவளுடைய அடுத்த ஊதிய உயர்வைத் தள்ளிவைத்தார்கள். நடுவில் ஒரு நாள், யாரும் இல்லையென்று நினைத்து ஜெபராஜ் தானே நொதியை நூற்று இருபத்தொன்றில் வேகவைத்து, நீலத்தில் ஊற்றி, இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தார். மனசு கேட்கவில்லை போலும். நீலம் அசையவில்லை. தையல்நாயகி அந்தக் குடுவையை ஒன்றும் கேட்காமல் கழுவிவைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விசாரணை நாள் அதற்கு அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை. காலையில் உறைகிணற்றில் வாளியை விட்டு இழுத்தாள். வாளி விளிம்பில் வெயில் பட்டதும் அந்தச் சாயை தெரிந்தது. ஒரு பாட்டிலில் பிடித்து மூடினாள்.

சம்பத் வெளியே ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டே குரல் கொடுத்தான். "இன்னா, இன்னிக்கும் நீலம்தானா?"

"நீலம்தான்!" என்றாள். பிள்ளை பாஸாகிவிட்டது என்று சொல்லும் குரல்.

ஏறப்போனவள் நின்றாள். திரும்ப உள்ளே போய், கேன் தண்ணீரில் அதே அளவு இன்னொரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அது எதுக்கு?"

"பக்கத்துல வைக்க."